கைக்கெட்டும் உறவு

நேரச் சமநிலை வாரியம் தொடங்கப்பட்ட அன்று அதன் தலைவர் ஆற்றும் உரையை எல்லோரும் கைபேசியில் பார்த்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. மக்கள் கைபேசியே கதியென்று கிடக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேச யாருக்கும் நேரமில்லை என்பதுதான் உரையின் சாரம். இதைச் சொல்ல அவருக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது. பார்க்காதவர்களுக்கு அபராதம். பார்த்தவர்களுக்கு, பார்த்த நேரம் அத்தனையும் அவரவர் இணையக் கணக்கில் ஏறியது. ஆக, வாரியம் பிறந்த நாளிலேயே நாட்டில் பாதிப்பேர் வரம்பு மீறியவர்கள் ஆகிவிட்டார்கள். நோய் இந்த அளவுக்கு முற்றியிருக்கும் என்று தாமே எதிர்பார்க்கவில்லை என்று தலைவர் மறுநாள் மிகவும் வருத்தப்பட்டார்.

'திரையை விடு, தரையைத் தொடு' என்ற வாசகம் சுவர்களில் வந்தது. பேருந்தின் முதுகில் வந்தது. ஆஸ்பத்திரியில், பிணவறைக் கதவிலும் யாரோ மறக்காமல் ஒட்டியிருந்தார்கள்.

தலைவரின் உரையை லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் நின்று கேட்டான். கைபேசியை ஸ்விட்ச் பெட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு இரும்பு வடத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டே கேட்டான். தலைவர் சொல்வது நியாயம் என்றே அவனுக்குப் பட்டது. அவன் அப்படிப்பட்டவன். யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பான். கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு 'அதுவும்சரி' என்றே பேர் வைத்திருந்தார்கள். வாரியம் ஊரிலிருக்கிற உருப்படாதவர்களைத் திருத்த வந்திருக்கிறது என்று அவன் நினைத்தான். தன்னையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அவன் மனைவி வெளிநாட்டில் இருந்தாள். இங்கே அவள் வேலை பார்த்த முதியோர் இல்லத்தை மூடிவிட்டார்கள். அங்கே ஒரு பெரிய வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு அம்மாளைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, மருந்து கொடுக்கும் வேலை கிடைத்தது. போய் இரண்டு வருஷமாகிறது. மகள் மூன்றாம் வகுப்பு. வீட்டில் அப்பாவும் மகளும்தான்.

ஆனால் சாயங்காலமானால் மூன்று பேர். அங்கே படுக்கையிலிருக்கும் அம்மாள் கண்ணயர்ந்ததும் இவள் கூப்பிடுவாள். மெக்கானிக் கைபேசியைச் சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்து வைப்பான். மகள் அதற்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அம்மா அங்கே இருந்துகொண்டே எழுத்துப் பிழையைக் கண்டுபிடிப்பாள். இவன் அடுப்படியில் வெங்காயம் நறுக்குவான். பெரும்பாலும் பேச்சே இருக்காது. அவள் அங்கே துணி மடிக்கும் சத்தம் இங்கே கேட்கும். இங்கே தாளிக்கும் சத்தம் அங்கே கேட்கும். எண்ணெய் அதிகமாகக் காய்ந்துவிட்டது என்று சத்தத்தை வைத்தே அவள் அங்கிருந்து சொல்வாள். அவர்கள் குடித்தனம் அப்படித்தான் நடந்தது.

அந்த வருஷம் அவன் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது சமநிலைச் சான்றிதழ் கேட்டார்கள். லிஃப்ட் மெக்கானிக் மற்றவர்கள் உயிரைக் கையில் வைத்திருப்பவன், தன் நேரத்தையே சமன் செய்யத் தெரியாதவன் லிஃப்டுக்கு எதிர் எடையாகத் தொங்கும் எடைக்கல்லை எப்படிச் சமன் செய்வான் என்று கேட்டார்கள். அதுவும் சரிதான் என்றான். கணக்கைப் பார்த்ததில் அவன் படுமோசமான நிலையில் இருப்பது தெரிந்தது. தினமும் சாயங்காலம் முழுக்க இணையத்தில். பிரிவு: பொழுதுபோக்கு.

அது என் மனைவிங்க என்று சொன்னான். கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்வாங்க என்றார்.

உரிமத்தைச் சில மாதங்களுக்கு மட்டும் நீட்டித்தார்கள். அன்றிலிருந்து அவன் கைபேசியில் வரம்பு வைக்கப்பட்டது. பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மறைந்து அந்த இடத்தில் ஒரு மரம் வரும். 'எழுந்து நடங்கள்' என்று அதன் கீழே எழுதியிருக்கும். மகள் பாதி வகுத்தல் கணக்கில் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வரம்பை நீக்க வேண்டுமானால் தரை வாழ்க்கையில் முன்னேற்றம் காட்ட வேண்டும். முன்னேற்றத்தைப் படமெடுத்து வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்காக அவன் பூங்காவுக்குப் போனான். அங்கே ஊரே இருந்தது. ஒருவர் நடக்க இன்னொருவர் பின்னாலேயே நடந்து படமெடுத்தார், பிறகு மாற்றிக்கொண்டார்கள். ஒரு கிழவர் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அவரிடம் கைபேசி இல்லை. வாரிய ஊழியர் ஒருவர் அவரை எழுப்பி, நீங்க இங்க இருக்கறதுக்கு என்ன ஆதாரம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது தரை முகாம். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்து, குடும்பங்கள் எதிரெதிரே அமர்ந்து கண்ணோடு கண் பார்த்துப் பேசப் பழக்குவார்கள். பயிற்றுநர் வேறோர் ஊரில் இருந்தார். பெரிய திரையில் தோன்றினார். அவர் முகத்தை ஒரே நேரத்தில் எத்தனையோ மண்டபங்களில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரில் இருப்பவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தால் மதிப்பெண் குறையும், திரையைப் பார்க்காவிட்டால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. கணவன்மார் பலர் இதில் திணறினார்கள்.

மெக்கானிக்கும் மகளும் மட்டும் வந்திருப்பதை மண்டபத்து ஊழியர் கவனித்துவிட்டு, மனைவி எங்கே என்றார். வெளிநாட்டில் என்றதும் அவருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. திரையிடம் கேட்டார். திரையிலிருந்த பயிற்றுநர் யோசிக்கவே இல்லை. ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

"கைபேசியில வர்ற மனைவி வெறும் பிம்பம்" என்றார் பயிற்றுநர், மண்டபச் சுவர் அளவு பெரிய முகத்தோடு. "இந்த நாற்காலி நிஜம். நிஜத்தோட பழகுங்க."

மெக்கானிக் நாற்காலியோடு பேசினான். அன்றைக்கு ஒரு லிஃப்ட் நடு மாடியில் நின்றுபோனதையும், உள்ளே மாட்டிக்கொண்ட புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் கதவு திறந்த பிறகும் வெளியே வர மனமில்லாமல் நின்றதையும் சொன்னான். மகள் நாற்காலிக்குத் தன் ஓவியத்தைக் காட்டினாள். இருவருக்கும் முழு மதிப்பெண். பக்கத்தில் உண்மையான மனைவியோடு வந்திருந்த ஒரு தையல்காரருக்குப் பாதிதான் கிடைத்தது; கட்டின நாளிலிருந்து சேர்த்துவைத்திருந்த சண்டையை அவர் மனைவி அன்றைக்குத்தான் கண்ணோடு கண் பார்த்து ஆரம்பித்திருந்தாள்.

அன்று சாயங்காலம் இதை மனைவியிடம் சொன்னான். அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். "நாற்காலி ஒல்லியா குண்டா?" என்று கேட்டாள். மரக்கால், கொஞ்சம் ஆட்டம் என்று இவன் சொல்வதற்குள் மரம் வந்துவிட்டது.

மகள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவனுக்குப் பொறுக்கவில்லை. வாரியத்தில் முறையீடு செய்தான். இத்தனைக்கும் அவன் வாழ்க்கையில் எதையும் முறையிட்டவன் இல்லை.

பிரிவு அலுவலர் அவனை அறைக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதர்தான். அவர் மேசையைச் சுற்றித் திரைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இணைய நேரத்துக்கு நான்கு பிரிவுகள் உண்டு என்று அவர் விளக்கினார்: வேலை, வணிகம், கொள்முதல், பொழுதுபோக்கு. இதில் மனைவி எதில் வருவார் என்று அவனே சொல்லட்டும் என்றார்.

உறவு என்று ஒரு பிரிவு இல்லையா என்று மெக்கானிக் கேட்டான்.

உறவு இணையத்தில் வரவே வராது என்றார் அலுவலர். வாரியத்தின் முதல் விதியைப் படித்துக் காட்டினார். கை நீட்டினால் தொடக்கூடியதே உறவு. தலைவர் தாமே எழுதியது.

"உங்க சம்சாரத்தைக் கை நீட்டித் தொட முடியுமா?"

முடியாது என்றான்.

"அப்ப எப்படிங்க உறவுன்னு சொல்றீங்க?"

பிறகு அலுவலர் தம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மனம்விட்டுப் பேசினார். "எனக்கும் ரெண்டு பசங்க. காலையில நான் கிளம்பறப்ப தூங்கறாங்க. ராத்திரி போறப்பவும் தூங்கறாங்க. நடுவுல நாள் முழுக்க மத்தவங்க குடும்பமா உக்காந்து சாப்பிடறதைச் சரிபாக்கறேன். பெரியவன் எந்த வகுப்புன்னு திடீர்னு கேட்டா எனக்குச் சொல்ல வராது. ஆனா கைக்கெட்டற தூரத்துல இருக்காங்க. அதனால எங்க வீட்டுல சமநிலை இருக்கு. நான் எப்பவாவது புலம்பியிருக்கேனா?"

மெக்கானிக் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தான்.

வாரிய அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை இருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு ஒரு தரகர் உட்கார்ந்திருந்தார். முன்பு வாரியத்தில் வேலை பார்த்தவர், இப்போது அதைவிட நன்றாக இருக்கிறார். வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எந்த அறையிலிருந்து வருகிறார்கள் என்று சொல்லிவிடுவார். மெக்கானிக்கைக் கை காட்டிக் கூப்பிட்டுக் கதையைக் கேட்டார். கேட்டுவிட்டு, இதுக்கா இவ்வளவு தூரம் அலைஞ்சீங்க என்றார்.

"பொண்டாட்டின்னு சொன்னா வரம்பு உண்டு. வியாபாரின்னு சொன்னா வரம்பு கிடையாது. நாட்டுல எது முக்கியம்னு வாரியத்துக்குத் தெரியாதா?"

ஒரு வாரத்துக்குள் மெக்கானிக்கின் மனைவி லிஃப்ட் உதிரிபாக மொத்த வியாபாரியாகப் பதிவு பெற்றாள். அவன் அவளுடைய வாடிக்கையாளன். இனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஒரே ஒரு சங்கடம். வணிக அழைப்புகளை வாரியத்தின் கேட்பாளர்கள் நடுநடுவே கேட்பார்கள். பேச்சு வியாபாரமாக இருக்க வேண்டும்.

முதலில் அது அவர்களுக்கு விளையாட்டாகத்தான் இருந்தது. அவள் அவனை சார் என்றாள். அவன் அவளை மேடம் என்றான். மகளுக்கு 'சின்ன கப்பி' என்று பெயர். வடம் ஓடுகிற சக்கரத்தைத்தான் கப்பி என்பார்கள்.

சின்ன கப்பி ஒழுங்காக ஓடுகிறதா என்று மனைவி விசாரிப்பாள். ஓடுகிறது மேடம், கணக்கில் மட்டும் கொஞ்சம் தேய்மானம் என்பான். கப்பிக்கு வாரம் ஒரு தடவையாவது எண்ணெய் வைக்க வேண்டும் சார், இல்லாவிட்டால் சிக்கு விழும் என்பாள். அவன் அன்றைக்கே மகளுக்குத் தலைக்கு எண்ணெய் தேய்ப்பான். பெரிய மோட்டார் நேரத்துக்குச் சாப்பிடுகிறதா என்று ஒரு நாள் கேட்டுவிட்டு, கரண்ட் சாப்பிடுகிறதா என்று உடனே திருத்திக்கொண்டாள். அன்று போனை வைக்கும் முன் சொன்னாள், "இந்த மார்க்கெட்டுல உங்க மாதிரி கஸ்டமர் கிடைக்கமாட்டாங்க சார்." அவனுக்குக் காது சிவந்துவிட்டது. கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படியெல்லாம் பேசியதில்லை.

பிறகு எச்சரிக்கை வந்தது. வாடிக்கையாளர் வியாபாரியிடம் 'கண்ணு ஏன் சிவந்திருக்கு' என்று கேட்டிருக்கிறார், விளக்கம் தேவை என்று எழுதியிருந்தது. கொக்கியின் கண்ணில் துரு பிடித்திருந்ததைத்தான் கேட்டேன் என்று விளக்கம் கொடுத்தான். ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் இன்னொரு தடவை இப்படி நடந்தால் பதிவு ரத்து, பொய்த் தகவல் வழக்கு, உரிமமும் போகும் என்று அலுவலர் கூப்பிட்டுச் சொன்னார். உரிமம் புதுப்பிக்கும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு விளையாட்டு போய்விட்டது. மனைவியும் சுருக்கமாகப் பேச ஆரம்பித்தாள். மகளை உட்காரவைத்து அவன் கண்டிப்பாகச் சொன்னான்.

"அது அம்மா இல்ல, கடைக்காரம்மா. உடம்பு எப்படி இருக்கு, எப்ப வருவே, இதெல்லாம் கேக்கக்கூடாது. கேட்டா அப்பாவுக்கு வேலை போயிடும்."

குழந்தைகள் எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். சில நாளிலேயே அவள் அப்பாவைவிடத் தேறிவிட்டாள். வணக்கம் கடைக்காரம்மா, போன தடவை அனுப்பின சரக்கு வந்து சேர்ந்தது என்று கண் கொட்டாமல் சொல்வாள். திரையில் அவள் அம்மா தலையைக் குனிந்துகொண்டு துணி மடிப்பாள்.

உரிமம் புதுப்பிக்க வேண்டிய அந்த வாரத்தில்தான் அவள் மோட்டாரைப் பற்றிச் சொன்னாள். அவள் வேலை பார்த்த வீட்டில் சின்னதாக ஒரு லிஃப்ட் உண்டு. படுக்கையிலிருந்த அம்மாளைக் கீழே இறக்குவதற்காகப் போட்டது. அதைப் பற்றி எப்போதாவது சொல்வாள். அன்றைக்குத் திரையில் வெளிச்சம் குறைவாக இருந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை.

"மோட்டார் ரெண்டு நாளா ரொம்பச் சூடாகுது சார். ஏறும்போது இழுக்குது. கீழ தண்ணி கோத்துக்கிச்சு போல."

அவன் உற்சாகமாகிவிட்டான். அவனுக்குத் தெரிந்த விஷயம். லிஃப்ட் இறங்கி நிற்கும் பள்ளத்தில் நிலத்தடி நீர் ஊறும், ஊறினால் சத்தம் மாறும், அதுதான் முதல் அடையாளம் என்று ஆரம்பித்து நிறுத்தாமல் பேசினான். பம்பு வைத்துத் தண்ணீரை எடுக்கச் சொன்னான். ஓய்வு கொடுக்காமல் ஓட்டினால் மோட்டார் எரிந்துவிடும் என்றும் சொன்னான்.

அவள் நடுவில் இருமினாள். இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஓய்வு கொடுக்க அந்த வீட்டு முதலாளியம்மா ஒத்துக்கொள்ளவில்லை, வேறு மோட்டார் இல்லை என்கிறார், சர்வீசுக்கும் அனுப்ப மாட்டேன் என்கிறார் என்றாள். அதெப்படி, இயந்திரம்தானே, கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்றான் இவன். அவள் சிரித்த மாதிரி இருந்தது. இந்த வாரம் எப்படியோ ஓட்டிவிடலாம் சார், உங்க உரிமம் முதலில் வரட்டும் என்றாள். மகள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் உரிமம் வந்தது. மத்தியானம், அவளை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. நிமோனியா என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அப்போது அவன் ஒரு வணிக வளாகத்தில் லிஃப்ட் பள்ளத்துக்குள் இறங்கி, தேங்கியிருந்த தண்ணீரைப் பம்பு வைத்து எடுத்துக்கொண்டிருந்தான். பம்பை நிறுத்த அவனுக்குத் தோன்றவில்லை. அது தண்ணீர் முழுவதையும் எடுத்துவிட்டுக் காற்றை இழுத்துக் கத்தும் வரை அங்கேயே நின்றான்.

உடல் விமானத்தில் வந்தது. சரக்குப் பிரிவில் பெயரைச் சொன்னதும், அங்கிருந்த எழுத்தர் வாரியப் பதிவைப் பார்த்தார். இறந்தவர் உதிரிபாக மொத்த வியாபாரி. வந்திருப்பவர் வாடிக்கையாளர். சரக்கு ஏதாவது பாக்கியிருந்தால் வேறு கவுன்ட்டருக்குப் போக வேண்டும், உடலை உறவினரிடம்தான் கொடுப்போம் என்றார். மெக்கானிக் கல்யாணச் சான்றிதழை நீட்டினான். அது பழையதுங்க, வாரியப் பதிவு புதுசு, புதுசுதான் செல்லும் என்றார் எழுத்தர். அவர் குரலில் கோபமெல்லாம் இல்லை. கண்ணாடி போட்ட ஜன்னலுக்கு அந்தப் பக்கம், வேறு பெட்டிகளோடு அவள் பெட்டியும் இருந்தது.

அவன் வாரியத்துக்கு ஓடினான். பிரிவு அலுவலர் அனுதாபத்தோடு தண்ணீர் கொடுத்தார். இரண்டு வழி இருக்கிறது என்றார். வாடிக்கையாளராகவே இருந்துகொண்டால் உரிமம் பிழைக்கும், உடல் கிடைக்காது. கணவன் என்று சொன்னால் பொய்ப் பதிவுக்கு உரிமம் போகும், கணவன் என்பதை நிரூபிக்கவும் வேண்டும்.

"அவ என் பொண்டாட்டிங்க" என்றான் மெக்கானிக்.

அதை எல்லோரும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான். அலுவலர் குறித்துக்கொண்டார். நிரூபணத்துக்காக, பதிவாகியிருந்த பேச்சுகளையெல்லாம் கேட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று. அதில் எங்காவது ஒரு கணவனும் மனைவியும் தென்பட்டால் போதும்.

கேட்பு அறைக்கு ஜன்னல் கிடையாது. அவர்கள் அழைப்பைக் கேட்டுவந்த கேட்பாளரையே உட்காரவைத்தார்கள். நடுவயதுப் பெண்மணி, ஹெட்போன் அழுத்தி அழுத்தித் தலைமுடி நடுவே பள்ளமாகியிருந்தது. அவர் ஒவ்வொன்றாக ஓட்டினார். சின்ன கப்பி. எண்ணெய். தேய்மானம். அலுவலர் கவனமாகக் கேட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்கினார். வியாபாரம்தான் சார் இது, வியாபாரமேதான் என்றார். இவ்வளவு சுத்தமாகப் பேசுகிற வியாபாரிகளைத் தாம் பார்த்ததே இல்லை என்றும் சொன்னார்.

கடைசிப் பதிவு ஓடியது. மோட்டார் சூடாகுது சார். ஏறும்போது இழுக்குது. கீழ தண்ணி கோத்துக்கிச்சு போல.

மெக்கானிக் எழுந்து நின்றான். பிறகு உட்கார்ந்தான். தன் குரல், நிலத்தடி நீர் ஊறுவதைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டே போவதை அவன் முழுவதும் கேட்க வேண்டியிருந்தது. நடுவில் நிறுத்த விதியில் இடமில்லை.

அலுவலர் அடுத்த விதியைத் தேட வெளியே போனதும், கேட்பாளர் ஹெட்போனைக் கழற்றிவைத்தார். அவர்கள் கணவன் மனைவி என்று தமக்கு இரண்டாவது நாளே தெரியும் என்று அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். என் வீட்டில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை, அதனால்தான் விட்டுவைத்தேன் என்றார். அந்த எச்சரிக்கை வேறு ஒரு ஷிப்டு ஆள் எழுதியது.

கடைசி நாள் அவள் சொன்னதும் புரிந்ததா என்று அவன் கேட்டான்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "இருமல் கேட்டுச்சு. நாளுக்கு நாள் வேற மாதிரி கேட்டுச்சு. ஆனா எங்க படிவத்துல சொல்லுக்குத்தான் இடம், சத்தத்துக்கு இல்ல."

அலுவலர் திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. வழி கிடைத்துவிட்டது. முதல் விதியே போதும். அம்மையார் இப்போது வெளிநாட்டில் இல்லை, விமான நிலையக் கிடங்கில் இருக்கிறார். கை நீட்டினால் தொடலாம். தொட்டுவிட்டால் உறவு.

அலுவலரும் கேட்பாளரும் அவனும் வாரிய வண்டியில் போனார்கள். கிடங்கில் பெட்டியைத் திறந்தார்கள். அலுவலர் கைபேசியைத் தூக்கிப் பிடித்து, முகம் தெரியும்படி கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார். மெக்கானிக் கையை நீட்டி மனைவியின் நெற்றியைத் தொட்டான். அவளைத் தொட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நெற்றி குளிர்ந்து கெட்டியாக இருந்தது. படம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை தொடுங்க என்றார் அலுவலர். தொட்டான்.

"உறவு உறுதி" என்று அலுவலர் கைபேசியில் சொன்னார். பிறகு வண்டியில் திரும்பும்போது அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு நல்ல செய்தி சொன்னார். இந்த மாதத்திலிருந்து அவன் இணைய நேரம் கிட்டத்தட்ட பூஜ்யம். இந்த மாவட்டத்திலேயே அவன் அளவுக்குச் சமநிலையை எட்டியவர்கள் யாரும் கிடையாது. உரிமம் மட்டும் போகாமல் இருந்திருந்தால் விழாவுக்கே கூப்பிட்டிருப்பார்கள்.

காரியங்கள் முடிந்தன. ஆணையும் வந்தது. உரிமம் ஓராண்டுக்கு ரத்து. இறந்தவரோடு நடந்த பேச்சுகள் எல்லாம் வணிகத்திலிருந்து நீக்கப்பட்டுப் பொழுதுபோக்கில் சேர்க்கப்பட்டன. வந்துபோன சொந்தக்காரர்கள் வீட்டு வாசலில் நின்று ஒருவருக்கொருவர் படமெடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். துக்க வீட்டுக்கு வந்ததற்கு வாரியத்தில் நல்ல மதிப்பெண் உண்டு.

மெக்கானிக்குக் காலையில் போக இடமில்லை. வீட்டிலேயே இருந்தான். மகள் அழவில்லை, கிடங்கிலிருந்து கொண்டுவந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்பால் போய் நின்றுகொண்டாள். சின்னப் பிள்ளை, ஒன்றும் புரியவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். எப்படியாவது அவளுக்குப் புரியவைக்க வேண்டும் என்று நாலைந்து நாள் அவன் வார்த்தை தேடினான்.

ஒரு சாயங்காலம் அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தான். அன்றைக்கு அம்மா சொன்னது லிஃப்டைப் பற்றி இல்லை என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் வரவில்லை.

"தெரியும்ப்பா" என்றாள் மகள். பென்சிலை நிறுத்தவில்லை. "அம்மாவுக்கு மூச்சு முட்டுச்சு. லிஃப்டுக்கு முட்டினா அம்மா ஏன் நெஞ்சைப் பிடிச்சுக்கறாங்க?"

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ கேக்கக்கூடாதுன்னு சொன்னே. அதான் கேக்கலை." பென்சில் நின்றது. அவள் நிமிர்ந்து, வகுப்பில் பதில் சொல்லிவிட்டு டீச்சர் முகத்தைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். "நான் ஒரு தடவைகூடத் தப்பா பேசலை இல்லப்பா?"

அவள் காத்திருந்தாள்.

"இல்லம்மா. நல்லா பேசினே" என்றான்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கணக்கைப் போட ஆரம்பித்தாள்.